கத்தி அட்டை... கெத்து ஒரிஜினல்!

தாடி மந்திரவாதி, தெர்மாகோல் பாறை, ஏழு கடல் தாண்டி ஒரு கிளி... இந்த மொக்கைப் படங்களை நமக்கு ஏன் இவ்ளோ புடிக்குது?

உங்களுக்கு ஒரு சின்ன டெஸ்ட். ஞாயித்துக்கிழமை மத்தியானம். பிரியாணி உள்ளே போயாச்சு, கண்ணு சொருகுது. ரிமோட்டை அழுத்திக்கிட்டே போறீங்க. ஒரு சேனல்ல, மண்டையோட்டுக்கு முன்னாடி உட்கார்ந்து ஒருத்தர் கையை ஆட்டுறார். குபுக்குனு புகை வருது. புகைக்குப் பின்னாடி குகைச் சுவர் லேசா ஆடுது. உண்மையைச் சொல்லுங்க பாஸ்... சேனலை மாத்துவீங்களா? மாட்டீங்க! 'இன்னும் அஞ்சே நிமிஷம்'னு உட்கார்ந்து, கிளைமாக்ஸ்ல மந்திரவாதி செத்து விழற வரைக்கும் பார்த்துட்டுதான் எந்திரிப்பீங்க.

வெளிநாட்டுலயும் இந்த வியாதி உண்டு. வாளும் மாயமும் சேர்ந்த கதைகளுக்குன்னே அங்கே தனிப் பேர் இருக்கு. 1961-ல் ஃப்ரிட்ஸ் லெய்பர்ங்கிற அமெரிக்க எழுத்தாளர் வெச்ச பேர்... 'ஸ்வார்ட் அண்ட் ஸார்சரி'. 1982-ல் அர்னால்ட் நடிச்ச 'கோனன் தி பார்பேரியன்' ஓடினதும், அதே மாதிரி சீப்பா எடுத்துத் தள்ளுனாங்க. ஆனா, அவங்களுக்கெல்லாம் முன்னாடியே நம்ம கோடம்பாக்கத்துல ஒரு மனுஷன் கடையைத் தொறந்து வெச்சிருந்தார்!

தி ஒன் அண்ட் ஒன்லி விட்டலாச்சார்யா!

வீட்ல அம்மா, 'இது என்னடா விட்டலாச்சார்யா படம் மாதிரி இருக்கு'ன்னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. அந்தப் பேருக்குப் பின்னாடி நிஜமாவே ஒருத்தர் இருந்தார். பி. விட்டலாச்சார்யா. 1920-ல் கர்நாடகாவில் உடுப்பி பக்கத்துல உத்யாவரா கிராமத்தில் பிறந்தவர். முதல்ல ஹோட்டல் நடத்தினார், அப்புறம் டூரிங் டாக்கீஸ். அங்கேர்ந்து கன்னட சினிமா. பிறகு மெட்ராஸுக்கு வந்து, தெலுங்குப் படங்களா எடுத்துக் குவிச்சார். ஆந்திராவில் அவருக்கு 'ஜானபத பிரம்மா'ன்னு பட்டம். நாட்டுப்புறக் கதைகளைப் படைக்கிற பிரம்மானு அர்த்தம். என்.டி.ஆரை வெச்சு 1963-ல் 'பந்திபோட்டு', அடுத்த வருஷமே 'அக்கி பிடுகு'. காந்தாராவ்னு ஒரு ஹீரோ இந்த மாதிரிப் படங்கள்ல சுத்துன சுத்துல, அவர் பேரே 'கத்தி காந்தாராவ்' ஆயிடுச்சு. 1999-ல் விட்டலாச்சார்யா காலமானார்.

தமிழ்நாட்டுக்கு அவர் டப்பிங் வழியாத்தான் வந்தார். 1978-ல் வந்த 'ஜெகன்மோகினி'தான் உச்சம். ஜெயமாலினி மோகினிப் பிசாசு. அடுப்பெரிக்க விறகு இல்லைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? அந்தப் பேய் தன் காலையே அடுப்புக்குள்ள நீட்டி எரிய விட்டு சமைக்கும்! படம் பேர் மறந்தவங்களுக்குக்கூட இந்த சீன் மறக்கலை. கேஸ் சிலிண்டர் விலைக்கு, இந்த ஐடியா இன்னிக்கும் தேவைப்படுது.

அவரோட சிக்கனத்தைப் பத்தி சினிமாக்காரங்க மத்தியில ஒரு கதை ரொம்ப ஃபேமஸ். ஷூட்டிங் நடுவுல நடிகர் யாராச்சும் சம்பளத்தை ஏத்திக் கேட்டாலோ, கால்ஷீட் கொடுக்காம இழுத்தாலோ, அவர் சண்டையே போட மாட்டாராம். கதையில ஒரு முனிவரைக் கொண்டு வந்து, 'நீ குரங்காகக் கடவாய்'னு சாபம் கொடுத்துடுவாராம். மிச்சப் படத்தைக் குரங்கு நடிச்சு முடிச்சுடும்! எவ்வளவு உண்மையோ... ஆனா கிளி, ஆடு, குரங்குன்னு அவர் படங்கள்ல மனுஷங்க மாறுற வேகத்தைப் பார்த்தா, நம்பாம இருக்க முடியலை.

கம்ப்யூட்டர் இல்லாத கிராஃபிக்ஸ் லேப்

சிரிக்கிறதை ஒரு நிமிஷம் நிறுத்திட்டு, இதை ஒரு ப்ராஜெக்ட் மாதிரி யோசிச்சுப் பாருங்க. கம்ப்யூட்டர் கிடையாது. எடுத்ததை உடனே பார்க்க மானிட்டர் கிடையாது. பட்ஜெட்டும் கிடையாது. ஆளை ஆடாக்கணும். எப்படி?

ஆள் மறையற ட்ரிக்: நடிகர் அசையாம நிப்பார். கேமராவை நிறுத்துவாங்க. அவர் நகர்ந்துடுவார், அதே இடத்துல ஆட்டைக் கட்டுவாங்க. கேமரா மறுபடி ஓடும். அவ்ளோதான்! 1896-ல் பாரீஸ் தெருவுல படம் எடுத்துக்கிட்டிருந்தப்ப கேமரா சிக்கி நின்னு, மறுபடி ஓடினதுல பஸ் ஒண்ணு சவ வண்டியா மாறித் தெரிஞ்சதா ஜார்ஜ் மெலியேவே சொல்லியிருக்கார். நம்ம ஆடு, குரங்கு எல்லாத்துக்கும் தாத்தா அந்த சவ வண்டிதான்.

ஒரே ஆள் ரெண்டா தெரியற ட்ரிக்: லென்ஸ்ல பாதியைக் கறுப்பு அட்டையால மறைச்சு, ஒரு பக்கம் ஷூட் பண்ணுவாங்க. ஃபிலிமைப் பின்னாடி சுத்தி, மறைச்ச பாதியைத் திறந்து, திறந்த பாதியை மறைச்சு, அதே ஃபிலிம்ல இன்னொரு தடவை ஷூட். கேமரா ஒரு நூல் நகர்ந்தாலும் ரெண்டு டேக்கும் காலி. லேப்ல கழுவி வந்த பிறகுதான் ரிசல்ட்டே தெரியும். நம்ம செமஸ்டர் ரிசல்ட் எல்லாம் இதுக்கு முன்னாடி தூசு!

கத்தி தானா கைக்கு வர்ற ட்ரிக்: கையிலேர்ந்து கத்தியைக் கீழே போட்டுப் படம் புடிச்சு, ஃபிலிமைத் தலைகீழா ஓட விட்டா முடிஞ்சது.

மின்னல்: ஃபிலிம் மேலயே ஃப்ரேம் ஃப்ரேமாக் கீறியும் வரைஞ்சும் பாய வைக்கலாம்.

பறக்கும் கம்பளம்: கம்பிதான். பின்னாடி இருக்கற வானத்தோட கலர்லயே கம்பிக்கும் பெயின்ட் அடிப்பாங்க. சில படத்துல அந்த பெயின்ட்டுக்கும் காசு இருந்திருக்காது போல... பளிச்சுனு தெரியும்!

இதையே காசும் நேரமும் போட்டுப் பண்ணினா எப்படி இருக்கும்கிறதுக்கு 1951-ல் வந்த 'பாதாள பைரவி' சாட்சி. கே.வி. ரெட்டி டைரக்‌ஷன், மார்கஸ் பார்ட்லி கேமரா, மந்திரவாதியா எஸ்.வி. ரங்காராவ். இன்னிக்குப் பார்த்தாலும் அசத்தும். ரே ஹாரிஹவுசன் 1963-ல் 'ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்'ல ஏழு எலும்புக்கூடு வாள் சண்டை போடற சில நிமிஷ சீனுக்கு நாலு மாசத்துக்கு மேல உழைச்சார். நம்ம லோ பட்ஜெட் டைரக்டருக்கு நாலு மாசம் கொடுத்தா, முழுப் படத்தையே முடிச்சுக் கையில கொடுத்துடுவார்!

மந்திரவாதியின் டிசைன் மிஸ்டேக்

இன்ஜினீயரிங் படிக்கிற எவனுக்கும் இந்தப் படங்கள்ல தாங்கவே முடியாத விஷயம் ஒண்ணு உண்டு. மந்திரவாதியோட செக்யூரிட்டி சிஸ்டம்! உயிரைக் கொண்டுபோய் ஏழு கடல், ஏழு மலை தாண்டி, ஒரு குகைக்குள்ள, கூண்டுக்குள்ள, ஒரு கிளிக்குள்ள வெச்சிருப்பார். சரி, நல்ல லாக்கர்தான். ஆனா பேக்கப்? கிடையாது! ஒரே கிளி. அதோட கழுத்தைத் திருகினா மொத்த சிஸ்டமும் அவுட். இதுல அந்தக் கிளி எங்கே இருக்குன்னு ஹீரோயின்கிட்ட அவரே வாயைத் திறந்து சொல்லிடுவார். பாஸ்வேர்டை மானிட்டர்லயே ஒட்டி வைக்கிற ஆளுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?

நம்ம ஊர்க்காரங்களா இருந்தா, குகைக்கு ஒரு திண்டுக்கல் பூட்டாச்சும் போட்டிருப்பாங்க. 2019-ல் புவிசார் குறியீடே வாங்கின பூட்டு! ஹீரோ இன்னிக்கும் குகை வாசல்லயே நின்னுக்கிட்டிருப்பார்.

தரை டிக்கெட் ரசிகர்கள்

ஏன் இந்தப் படங்கள் ஓடுச்சு? அதுக்கு டென்ட் கொட்டாயைப் புரிஞ்சுக்கணும். நத்தம், வத்தலக்குண்டு, வேடசந்தூர் பக்கத்து கிராமங்கள்ல தாத்தா, அப்பத்தாகிட்ட கேட்டுப் பாருங்க. மணல் தரை. முன்னாடி மறைக்கிற ஆளைத் தாண்டிப் பார்க்க, மணலையே குவிச்சு மேடாக்கி உட்காரணும். வெளிச்சம் போனாத்தான் படம் தெரியும்கிறதால, சாயங்கால ஷோவும் ராத்திரி ஷோவும்தான். ஒரே புரொஜக்டர் இருக்கிற இடத்துல ஒவ்வொரு ரீல் மாத்துறப்பவும் ஒரு இடைவேளை. முறுக்குக்காரருக்கு வேட்டை!

இப்போ யோசிங்க. பகல் பூரா காட்டு வேலை பார்த்துட்டு வந்து உட்கார்ற ஆளு. ஸ்பீக்கர் கொரகொரங்குது, குழந்தை அழுவுது. அந்தக் கூட்டத்துல, மெல்லமா பேசுற குடும்பக் கதை எடுபடுமா? தூரத்துலேர்ந்து பார்த்தாலும் புரியற கதை வேணும். தாடி இருந்தா வில்லன், கையில கத்தி இருந்தா ஹீரோ, புகை வந்தா பூதம். டப்பிங்ல வாய் ஒட்டலைன்னா யாருக்குக் கவலை? ரீல் மாத்தி முடிக்கிறதுக்குள்ள ஒருத்தர் குரங்காகணும், அவ்ளோதான்.

கத்திச் சண்டைக்கு நம்ம மாவட்டத்துல இருந்த மரியாதையைச் சாதாரணமா நினைக்காதீங்க. 'மந்திரிகுமாரி', 'மர்மயோகி', 'நாடோடி மன்னன்'னு கத்தி சுழற்றி வளர்ந்த எம்.ஜி.ஆர்., தனிக்கட்சி ஆரம்பிச்சதும் முதல் வெற்றியை வாங்கினது எங்கே? 1973-ல் நடந்த திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல்ல! இத்தனைக்கும் 'மர்மயோகி'க்கு, பேய் வருதுங்கிறதுக்காக 'ஏ' சர்ட்டிஃபிகேட் கொடுத்தாங்க. படத்தைப் பார்த்தாத்தான் தெரியும், அது பேயே இல்லைன்னு!

ஒரு தடவை மலைக்கோட்டை ஏறி இறங்குங்க. 1605-ல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் காலத்துல எழுந்த கோட்டை. 1755-ல் ஹைதர் அலி இங்கே வந்தார். 1790-ல் பிரிட்டிஷ்காரங்க கைக்குப் போச்சு. ஆயுதக் கிடங்கு, பீரங்கி மேடை, இருட்டறைனு எல்லாமே கல்லும் செங்கல்லும். தங்கத் தூணோ, சுழலும் சிம்மாசனமோ கண்ணுல படாது. அப்ப 'அரண்மனை'ன்னதும் நம்ம மண்டைக்குள்ள மினுக்கற ஜிகினா எங்கேர்ந்து வந்துச்சு? சாட்சாத் அந்த அட்டை செட்லேர்ந்துதான்!

கொஞ்சம் சீரியஸா...

எல்லாமே ஜாலி இல்லை பாஸ். இந்தப் படங்களை இன்னிக்குப் பார்க்கும்போது நெளிய வைக்கிற விஷயங்களும் இருக்கு. ஆசைப்படற பொண்ணுன்னா மோகினி, அடங்கிப்போற பொண்ணுன்னா பத்தினி... நடுவுல வேற பொண்ணே கிடையாது. பூஜை பண்ணி அழற மனைவி ஜெயிப்பா. ஆனா, போஸ்டர்ல இருக்கறது அந்த மனைவி இல்லை, மோகினிதான்! காட்டுல வாழற ஜனம்னா முகத்துல கரி பூசி, எலும்பு மாலை போட்டு, 'ஹூம்பா'ன்னு ஆட விடுவாங்க. கொடைக்கானல் மலையிலயும் சிறுமலையிலயும் பழங்குடி மக்கள் வாழற நம்ம மாவட்டத்துக்காரங்க, அதைப் பார்த்து 'சும்மா தமாஷ்'னு கடந்து போயிட முடியாது. அட்டைக் கத்தியை மன்னிக்கலாம். இதை மன்னிக்க வேண்டியதில்லை.

இன்னொண்ணு... நாம கலாய்க்கறதுக்காகவாவது இந்தப் படங்கள் மிஞ்சணுமே? பழைய ஃபிலிம் பிரின்ட்டுகளை, அதுல இருக்கற வெள்ளிக்காக எடைக்குப் போட்டுக் கரைச்ச கதை இந்திய சினிமாவுல நிறைய. 1964-ல் பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்துச்சு. ஆனா, பாதுகாக்கணும்னு வரும்போது, அவார்டு வாங்கின படத்துக்குத்தான் முதல் வரிசை. மந்திரவாதிக்கு எப்பவும் தரை டிக்கெட்தான். சேலத்துல 1935-ல் ஆரம்பிச்சு நூறு படங்களுக்கு மேல எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸ்ல, இன்னிக்கு மிஞ்சியிருக்கறது நுழைவாயில் வளைவு மட்டும்தான்.

காசு கூடினா கெத்து கூடுமா?

2006-ல் சிம்புதேவன் 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி' எடுத்தார். ராஜா படத்தோட அத்தனை பில்டப்பையும் வடிவேலு வெச்சு உடைச்சார். ஊரே சிரிச்சது. அதே சிம்புதேவன் 2015-ல் விஜய், ஸ்ரீதேவியை வெச்சு, பெரிய பட்ஜெட்ல 'புலி' எடுத்தார். எதிர்பார்த்த அளவு போகலை. 'ஜெகன்மோகினி'யையே 2009-ல் நமீதாவை வெச்சு கிராஃபிக்ஸோட திரும்ப எடுத்தாங்க. இன்னிக்கும் 'ஜெகன்மோகினி'ன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது பழைய அடுப்புதான்!

அப்போ கிராஃபிக்ஸ் வேஸ்ட்டா? அப்படிச் சொன்னா 'பாகுபலி' வந்து உதைக்கும். விஷயம் வேற. ஆடு கட்டின உதவியாளர் பேர் நமக்குத் தெரியாது. இன்னிக்கு ராத்திரி பூரா உட்கார்ந்து, ஹாலிவுட் ஹீரோவோட கம்பியை ஒவ்வொரு ஃப்ரேமா அழிக்கிற இந்தியப் பையன் பேரும் நமக்குத் தெரியாது. 2013-ல் 'லைஃப் ஆஃப் பை' புலிக்கு ஆஸ்கர் வாங்கினப்போ, அதை உருவாக்கின ரிதம் அண்ட் ஹியூஸ் கம்பெனி ஏற்கெனவே திவால் மனு கொடுத்திருந்தது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிஞ்சப்ப, பெங்களூர்லயும் மும்பையிலயும் இருந்த அதோட ஆபீஸ்களும் மூடினாங்க. புகை விடறவனுக்கு எந்தக் காலத்துலயும் கேரன்ட்டி இல்லை. கிளாஸ்ல யாராச்சும் 'நான் வி.எஃப்.எக்ஸ். பக்கம் போறேன்'னு சொன்னா, கைதட்டறதோட, கான்ட்ராக்ட்டையும் ஒழுங்காப் படிச்சுப் பார்க்கச் சொல்லுங்க!

அதனால மக்களே... அடுத்த தடவை சுவர் ஆடுச்சுன்னா தாராளமாச் சிரிங்க. சிரிச்சு முடிச்சதும், அந்தச் சுவரைப் பின்னாடி நின்னு தாங்கிப் பிடிச்சிருக்கற கை யாரோடதுன்னு ஒரு செகண்ட் யோசிங்க. மந்திரவாதியோட உயிர் கிளிக்குள்ள இருக்கலாம். சினிமாவோட உயிர் அந்தக் கைக்குள்ளதான் இருக்கு!