பார்சல் ஆபீஸா, தனி வண்டியா?

நம்ம காலேஜ் வாசல்ல பஸ்ஸுக்கு நிக்கிற நேரத்தில், ஈ.சி.ஆர்.ல போற லாரிகளைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. சிலதில் தார்ப்பாய்க்குக் கீழே ஒரே சரக்கு. சிலதில் ஃபேன் பெட்டி, ஜவுளி மூட்டை, பெயிண்ட் டின் எல்லாம் சேர்ந்து ஒரு சந்தையே போகும். முதலாவது ஃபுல் லோடு: வண்டி முழுக்க ஒருத்தர் வாடகைக்கு எடுத்தது. இரண்டாவது பல பேர் சரக்கு. அவரவர் எடைக்கு அவரவர் காசு.

படிப்பு முடிச்சு சொந்தமா ஏதாவது தயாரிச்சு விக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு, லாபம் எங்கே கரையுதுன்னு தெரியாமலே கரையுற இடம் இதுதான். புதுச்சேரிக்குப் பேர் வாங்கித் தந்த பீங்கான் பாத்திரத்தையே எடுத்துக்குவோம். (1971இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி தொடங்கிய பிறகு இந்தப் பக்கம் வளர்ந்த தொழில் அது.) கோவைக்கு 60 பெட்டி அனுப்பணும். பெட்டி ஒன்று 15 கிலோ, மொத்தம் 900 கிலோ. பார்சல் கட்டணம் கிலோவுக்கு 7 ரூபாய், 14 அடி வண்டி வாடகை 14,000 ரூபாய்னு கணக்குக்காக வெச்சுக்குவோம். 14,000ஐ 7ஆல் வகுத்தால் 2,000 கிலோ. அதுக்குக் கீழே பார்சல் லாபம், மேலே தனி வண்டி லாபம். நமக்கு 6,300 ரூபாயில் வேலை முடிஞ்சுது. அப்படித்தானே?

இல்லை. பீங்கானைச் சுற்றி வைக்கோலும் அட்டையும் வெச்சுக் கட்டினால் எடை குறைவு, இடம் அதிகம். பெட்டி 60 × 50 × 50 செ.மீ. என்றால் 0.15 கன மீட்டர். எடையைவிட இடத்தை அதிகம் அடைக்கிற சரக்குக்கு கன அளவை வெச்சுத்தான் பில் போடுவாங்க. அந்த விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கன மீட்டருக்கு 200 கிலோன்னு எடுத்தால், 15 கிலோ பெட்டி பில்லில் 30 கிலோ ஆகிவிடும். மொத்தம் 1,800 கிலோ, 12,600 ரூபாய். வித்தியாசம் வெறும் 1,400. பெட்டி மதிப்பு 3,000 ரூபாய் என்றால், ஒரே ஒரு பெட்டி உடைஞ்சாலே தனி வண்டியைவிட நஷ்டம்.

உடையவும் செய்யும். பார்சலில் போற பெட்டி இங்கே ஒரு குடோனில் ஏறும், நடுவில் ஒரு ஊரில் இறங்கி வேற லாரியில் ஏறும், கோவையில் மறுபடி இறங்கி டெலிவரி வண்டியில் ஏறும். ‘கவனம், உடையும்’னு ஸ்டிக்கர் ஒட்டலாம், ராத்திரி 2 மணிக்கு லோடு இறக்குறவர் அதைப் படிப்பார்னு நம்பாதீங்க. மேலே இரும்புப் பெட்டி வெச்சாலும் தாங்குற மாதிரி கட்டணும்.

நஷ்ட ஈட்டுக்கும் எல்லை இருக்கு. 2007ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள்படி, கட்டணத்தைப் போல 10 மடங்குதான் உச்சவரம்பு. நம்ம கணக்கில் 1,26,000. சரக்கு மதிப்போ 1,80,000. அதிக மதிப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, கூடுதல் கட்டணமும் கட்டியிருந்தால்தான் மிச்சத்தைக் கேட்க முடியும். சரக்குக் காப்பீடு தனியா எடுத்துக்கிறது நல்லது.

நம்ம ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல்: காலேஜிலிருந்து பாண்டி பஸ் ஸ்டாண்ட் போகணும்னாலே நடுவில் தமிழ்நாட்டைத் தாண்டணும். கோவை நமக்கு வெளி மாநிலம். 2018 ஏப்ரல் 1 முதல், 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் தாண்டினால் இ-வே பில் வேணும். 200 கி.மீ.க்கு ஒரு நாள்தான் செல்லுபடி. கோவைக்கு 2 நாள். நடு குடோனில் சரக்கு தங்கிட்டால் பில் காலாவதியாகும். காலாவதிக்கு 8 மணி நேரம் முன்போ பின்போ நீட்டிக்கலாம், ஆனா யாராவது ஞாபகமா செய்யணும். லாரி மாறும்போதெல்லாம் வண்டி எண்ணையும் மாத்தணும்.

அதுக்காக எப்பவும் தனி வண்டிதான்னு சொல்ல வரலை. வண்டி நிறையட்டும்னு மாசக்கணக்கில் சரக்கைச் சேர்த்து வெச்சால், உங்க பணம் குடோனில் தூங்கும். 5 பெட்டிக்குப் பார்சலை விட்டால் வழியில்லை.

நடுவில் ஒரு வழி இருக்கு. நாமக்கல், கோவைப் பக்கத்திலிருந்து இங்கே சரக்கு இறக்கிய வண்டி காலியாகத் திரும்ப விரும்பாது. மேட்டுப்பாளையம் லாரி முனையம் பக்கம் (நம்ம மேட்டுப்பாளையம்தான், ஊட்டி அடிவாரம் இல்லை!) புக்கிங் ஆபீஸில் ‘ரிட்டர்ன் லோடு’ இருக்கான்னு கேளுங்க. டிரைவருக்கு டீசல் காசாவது தேறணும், நமக்கு வாடகை குறையும். இன்னும் ஒன்றிரண்டு பேர் சரக்கோடு பாதி வண்டி பேசினாலும், நடு குடோனில் இறக்காமல் நேரா கோவை போகுமான்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. பீங்கானுக்கு முக்கியமான கேள்வி அதுதான். வண்டி என்னைக்குக் கிடைக்கும்னு மட்டும் உறுதி சொல்ல மாட்டாங்க.