வாக்கியத்தின் கடைசியில் ‘ஃப்ரம்’ வரலாமா?

ஆங்கில வாக்கியத்தைப் பிரிப்பொசிஷனில் முடிக்கக் கூடாது என்று படித்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அதனால்தான் ‘வேர் ஆர் யூ ஃப்ரம்?’ என்று கேட்க வாயெடுத்துவிட்டு, தப்போ என்ற தயக்கத்தில் ‘ஃப்ரம் வேர் ஆர் யூ?’ என்று மாற்றிக்கொள்கிறோம். முதலில் வாயில் வந்ததுதான் சரி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். மாற்றிய வடிவம்தான் அவர்கள் காதுக்கு உறுத்தும்.

பிறகு இந்தத் தடையை யார் போட்டது? கவிஞர் ஜான் டிரைடன் 1672-ல், தமக்கு முந்தைய தலைமுறை நாடகாசிரியரான பென் ஜான்சனின் வரியொன்றில் பிரிப்பொசிஷன் கடைசியில் வருவதைக் குறையாகச் சொன்னார். தம் எழுத்திலும் அது இருப்பதை ஒப்புக்கொண்டு, 1668-ல் வெளியான தமது நாடகக் கட்டுரையை 1684-ல் மறுபதிப்புச் செய்தபோது, கடைசியில் நின்ற பிரிப்பொசிஷன்களைத் தேடிப்பிடித்து இடம் மாற்றினார். லத்தீனில் அவை பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் வரும். படித்தவர்களுக்கு அன்று லத்தீன்தான் இலக்கணத்தின் அளவுகோல். 1762-ல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத் நிதானமானவர். பேச்சுக்கும் சாதாரண நடைக்கும் பிரிப்பொசிஷன் கடைசியில் வருவது பொருந்தும், கம்பீரமான நடைக்கு இடம் மாற்றுவது அழகு என்பதோடு நிறுத்திக்கொண்டார். அதைச் சொன்ன இடத்திலேயே ஒரு சொற்றொடரை ‘டு’ என்று முடித்தும் வைத்தார், குறும்புக்காரர்! பின்னால் வந்த பள்ளிப் புத்தகங்கள்தான் யோசனையைத் தடையாக்கின. ஆங்கில நடைக்கு வழிகாட்டி நூல் எழுதிய எச்.டபிள்யூ. ஃபௌலர் 1926-ல் இந்தத் தடையை மூடநம்பிக்கை என்றே எழுதினார். நம் பாடப்புத்தகத்துப் பாசிவ் வாய்ஸ் பயிற்சியே இதற்குச் சாட்சி சொல்லும். ‘ஹி வாஸ் லாஃப்டு அட்’ என்பதில் அந்த ‘அட்’டை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது?

அப்படியானால் நாலு பேர் பேசுவதெல்லாம் இலக்கணமா, இங்கே எல்லோரும் சொல்லும் ‘டிஸ்கஸ் அபௌட்’டும் சரிதானா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பேசுவோரின் தலைகளை எண்ணி இதைத் தீர்க்க முடியாது. கவனமாக எழுதுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக எப்படி எழுதிவருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கடைசியில் வரும் பிரிப்பொசிஷன் ஷேக்ஸ்பியரிடமே உண்டு. ‘டிஸ்கஸ் அபௌட்’டுக்கு அப்படி ஒரு வம்சாவளி கிடையாது. ‘டாக் அபௌட்’டைப் பார்த்து ஒட்டிக்கொண்ட ‘அபௌட்’ அது. ஆங்கில நாளேட்டின் உதவி ஆசிரியர் கண்ணில் பட்டால் அடித்துவிடுவார். அரசு விண்ணப்பத்திலும் ஆய்வுக் கட்டுரையிலும் ‘டு ஹூம்’ என்று விறைப்பாக எழுதுவதில் தவறில்லை. அங்கே நடைக்குத் தக்க தேர்வு அது, அவ்வளவுதான். ஆகவே விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களே, ‘வாட் ஆர் யூ லுக்கிங் அட்?’ என்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். ‘டிஸ்கஸ் அபௌட்’டுக்குத் தாராளமாகக் குறையுங்கள்.