உறையில் மருந்தின் பெயர் இருக்கட்டும்

மருந்தும் மலையும் – தொடர் கட்டுரை

போன வாரம் கூடைக் கயிறும் கழுத்து வலியும் பார்த்தோம், வாசித்தவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் ராத்திரியில் வலிக்கு விழுங்கும் குளிசையையும் தூக்கத்துக்கு விழுங்கும் குளிசையையும் ஒன்றாக எழுதி முடிப்பதாகச் சொல்லியிருந்தேன். வலிக் குளிசை முழுதாக வரும், தூக்கக் குளிசை பாதிதான் வரும். மீதி இடத்தைப் பிபிலை என்ற ஊர் எடுத்துக்கொண்டது.

எல்லவைச் சுற்றியுள்ள தோட்டங்களில், நியூபர்க்கானாலும் தெமோதரையானாலும், உடம்பு வலி தெரியவருவது படுக்கப் போகும்போதுதான். காலையில் பிரட்டு, பகல் முழுக்க மலை, பின்னேரம் விறகு, தண்ணீர், சமையல். அதுவரைக்கும் வலிக்கு நேரமில்லை. பாயை விரித்த பிறகு இடுப்பும் முழங்காலும் கடுக்கத் தொடங்கும்போது தோட்டத்து டிஸ்பென்சரி மூடியிருக்கும். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக முச்சக்கர வண்டிக் கூலி கட்டாது. லயத்துப் பக்கத்துக் கடை மட்டும் திறந்திருக்கும். "ரெண்டு பனடோலும் ஒரு பிரிட்டனும் குடுங்கண்ணே, அப்பத்தான் தூக்கம் வரும்" என்பது மலைநாட்டில் யாரும் திரும்பிப் பார்க்காத சாதாரணப் பேச்சு.

கடைக்காரர் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார். அச்சிட்ட பெயர் பாதியில் அறுந்துபோகும். சில இடங்களில் தனிக் குளிசைகளைக் கடதாசி உறையில் போட்டு, "இரவு 2" என்று மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். எத்தனை என்பது தெரிகிறது, என்ன என்பது தெரிவதில்லை. ராத்திரிக் குளிசைகளால் வரும் கேடுகளில் பல இந்த இடத்திலிருந்துதான் புறப்படுகின்றன.

இதை எழுத உட்கார்ந்தபோதுதான் பிபிலைக்குப் போய்ச் சேர்ந்தேன். பதுளையிலிருந்து செங்கலடிக்குப் போகும் பாதையில் பசறையையும் லுணுகலையையும் தாண்டினால் பிபிலை வரும், நமது ஊவா மாகாணத்து ஊர். அந்த ஊரின் பெயரைத் தன் பெயராகக் கொண்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1920இல் பிறந்தவர், இலங்கையின் முதல் மருந்தியல் பேராசிரியர். ஒரே சரக்கு பத்து வியாபாரப் பெயர்களில் பத்து விலைக்கு விற்கப்படுவதை அவர் கேள்வி கேட்டார். மருந்துக்கு அதன் உட்பொருளின் பெயர்தான் பெயர், கம்பனி வைத்த பெயர் அல்ல என்றார். 1971இல் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டு அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் பிறந்தது; அதன் முதல் தலைவரும் அவர்தான். நாட்டுக்குள் வந்துகொண்டிருந்த 2,000க்கும் மேற்பட்ட மருந்துகள் சுமார் 600 ஆகச் சுருங்கின. உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி, உட்பொருளின் பெயரில் மலிவாக வாங்கினார்கள்.

வளர்முக நாடுகள் இலங்கையைத் திரும்பிப் பார்த்தன. ஐக்கிய நாடுகள் சபை அவரைப் பிற நாடுகளுக்கு ஆலோசகராக அனுப்பியது. அப்படிப் போன இடத்தில், தென்னமெரிக்காவின் கயானாவில், 1977 செப்டெம்பரில் காலமானார். உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற்பட்டியலை வெளியிட்டதும் அதே 1977இல்தான். அவருடைய கொள்கை சட்டமாக இன்னும் 38 ஆண்டுகள் ஆயின. தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் 2015இல் வந்தது.

பிபிலேயின் வாதத்தை விலைக் குறைப்பு என்றே எல்லோரும் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் தோட்டத்து லயத்தில் நின்று பார்த்தால் அதற்கு இன்னொரு பயன் தெரிகிறது: உட்பொருளின் பெயர் தெரிந்தவர் ஒரே மருந்தை இரண்டு முறை விழுங்கமாட்டார்.

பனடோல் என்பது வியாபாரப் பெயர். உள்ளே இருப்பது பரசிட்டமோல், ஒரு குளிசையில் 500 மில்லிகிராம். தடிமனுக்கென்று விற்கும் பல கூட்டுக் குளிசைகளிலும் அதே பரசிட்டமோல் இருக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, மூக்கடைப்புக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று என்று மூன்று உறைகளில் மூன்று குளிசை வாங்கினால், மூன்றும் ஒரே மருந்தாக இருக்கலாம்.

எல்லவில் இதற்கு இன்னொரு வழியும் உண்டு. உல்லாசப் பயணிகள் அறையில் விட்டுப்போகும் மருந்துப் போத்தல்கள். விருந்தினர் விடுதியில் அறை துடைக்கும் பெண்ணொருவர் இப்படி ஒரு அமெரிக்கப் போத்தலை வீட்டுக்குக் கொண்டுபோனார். மாமியாருக்கு முழங்கால் வலி. ஏழு மணிக்கு இரண்டு பனடோல் போட்டிருந்தார். ஒன்பது மணிக்கு "வெளிநாட்டு மருந்து" இரண்டு. நடுச்சாமத்தில் வெளியே போக எழுந்தவர் நிற்கமுடியாமல் சாய்ந்தார். மகன் பிடித்துக்கொண்டதால் தப்பினார். மறுநாள் காலையிலும் வாய் வறண்டு, பேச்சுத் தடுமாறியதாம்.

அது டைலனோல் பி.எம். அதன் லேபிளில் பரசிட்டமோல் என்ற சொல்லே இல்லை. அசிற்றமினோபின் என்றுதான் இருக்கும். இரண்டும் ஒரே மருந்து, அமெரிக்காவில் வேறு பெயர். கூடவே டைஃபென்ஹைட்ரமின் என்ற தூக்க மருந்து, ஒரு குளிசையில் 25 மில்லிகிராம். ஆக அந்த அம்மா இரண்டு மணித்தியாலத்துக்குள் நான்கு பரசிட்டமோலும், அவர் வயதுக்கு ஆகாத தூக்க மருந்தும் விழுங்கியிருக்கிறார்.

எவ்வளவு போடலாம்? வளர்ந்தவர்களுக்கு ஒரு தடவைக்கு இரண்டு குளிசை, நான்கிலிருந்து ஆறு மணித்தியால இடைவெளி, 24 மணித்தியாலத்தில் எட்டைத் தாண்டக்கூடாது. இது பெட்டியில் இருக்கும் கணக்கு. நன்றாகச் சாப்பிடுகிற, 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள உடம்பை மனதில் வைத்து எழுதிய கணக்கு இது. கல்லீரல் பரசிட்டமோலை உடைக்கும்போது அதில் சிறு பங்கு நஞ்சாகிறது. குளூட்டத்தயோன் என்ற சரக்கு அந்த நஞ்சை உடனுக்குடன் அடக்கிவிடும். மெலிந்த உடம்பில், பட்டினியில், தினமும் குடிப்பவரிடத்தில் அந்தக் கையிருப்பு குறைவு. ஊட்டக்குறைவு நகரத்தையும் கிராமத்தையும் விடப் பெருந்தோட்டத்தில் அதிகம் என்று அரசின் சுகாதார ஆய்வுகளே காட்டுகின்றன. இராச்சாப்பாடு இல்லாமல் தேத்தண்ணியோடு படுக்கிற 40 கிலோப் பெண்ணுக்குப் பெட்டிக் கணக்கு பொருந்தாது. ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று பார்த்தால் அவருக்கு 600தான் வருகிறது. ஒரு தடவைக்கு ஒரு குளிசை, நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். வயிற்றில் ஏதாவது போட்டுவிட்டு விழுங்குவது நல்லது.

கூடிப்போனால் முதல் நாள் ஒன்றும் தெரியாது என்பதுதான் இந்த மருந்தின் பயங்கரம். சிலருக்குக் குமட்டும், சிலருக்கு அதுவுமில்லை. கல்லீரல் கெடுவது இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வெளியே தெரியும். மாற்று மருந்து இருக்கிறது. எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால் விடியட்டும் என்று காத்திராமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. விழுங்கிய குளிசையின் அட்டையையோ உறையையோ கையோடு எடுத்துப்போங்கள்.

"எக்ஸ்ட்ரா" என்று பெயர் கொண்ட பனடோலையும் சொல்லவேண்டும். அதில் பரசிட்டமோலோடு 65 மில்லிகிராம் கஃபீனும் இருக்கிறது. இரண்டு விழுங்கினால் 130. ஒரு கோப்பை பிளேன்டீயில் இருப்பதைவிட இது அதிகம். வலி போய்த் தூங்கலாம் என்று இதைப் போட்டுவிட்டு, ஏன் தூக்கம் வரவில்லை என்று கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பவர்கள் உண்டு.

காய்ச்சலோடு உடம்பு வலி என்றால் ஒரு விதி கட்டாயம். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பரசிட்டமோல் மட்டும். டைக்குளோஃபெனக், இபுபுரொஃபென், அஸ்பிரின் மூன்றும் இரத்தக் கசிவைக் கூட்டும். டைக்குளோஃபெனக்கும் இபுபுரொஃபெனும் வெறும் வயிற்றில் புண்ணாக்கும். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் மலையேறியவரின் சிறுநீரகத்தையும் தாக்கும்.

இனிப் பிரிட்டன். உட்பொருள் குளோர்ஃபெனிரமின், ஒரு குளிசையில் 4 மில்லிகிராம். ஒவ்வாமைக்கும் மூக்கொழுகலுக்கும் வந்த மருந்து இது. தூக்கம் அதன் பக்கவிளைவு. சில நாள் தொடர்ந்து போட்டால் அந்தத் தூக்கமும் குறைந்துவிடும், வாய் வறட்சியும் மலச்சிக்கலும் மிஞ்சும். உடம்பில் பாதியளவு குறையவே ஒரு நாள்வரை பிடிக்கலாம். அப்படியானால் ராத்திரி போட்டவர் மறுநாள் காலையில் கூடையோடு செங்குத்தான மலையில் நிற்கும்போதும், வெல்லவாயப் பாதையில் முச்சக்கர வண்டி ஓட்டும்போதும் அது உள்ளே இருக்கிறது. சிறுநீர் தடைப்படுகிற வயதான ஆண்களும், கண்ணழுத்தம் உள்ளவர்களும் கேட்காமல் தொடக்கூடாது. வயதானவர்களை அது தடுமாறவும் விழவும் வைக்கும். கசிப்போ சாராயமோ குடித்த ராத்திரியில் யாருக்கும் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம்.

பிரிட்டன் பாணியைப் பிள்ளைகளைத் தூங்கவைக்கக் கொடுக்கும் பழக்கத்தையும், டொக்டர் துண்டில்லாமல் கைமாறும் உண்மையான தூக்கக் குளிசைகளையும், குளிசையே இல்லாமல் தூங்கும் வழிகளையும் அடுத்த வாரம் எழுதுகிறேன். அதுவரைக்கும் ஒரு வேலை. அடுத்த முறை கடையிலோ பாமசியிலோ டிஸ்பென்சரியிலோ குளிசை வாங்கும்போது, "இதுல என்ன மருந்து இருக்குனு உறையில எழுதித் தாங்க" என்று கேளுங்கள். தமிழில் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் வாசிக்கத் தெரிந்த பிள்ளை, படுக்கும் முன் எல்லா உறைகளையும் அடுக்கி வைத்து, ஒரே பெயர் இரண்டில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இருந்தால் அன்று ராத்திரி ஒன்றுதான்.