நம்ம தோட்டத்தில் ஒரு சைக்கிள் களம்: எப்படி அமைப்பது, யார் காப்பது?



பாடசாலை விட்ட பிறகு நமுனுகுல, பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் எங்கே ஓட்டுகிறார்கள்? தோட்டத்து ரோட்டில்தான். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். வளைவுக்கு வளைவு கொழுந்து லொறி, முச்சக்கர வண்டி. சைக்கிளோ பழசு, பிரேக் பிடித்தால் பிடிக்கும், பிடிக்காவிட்டால் இல்லை. "ஏய், ரோட்டுக்குப் போகாதே" என்று அம்மா கத்துவார். பிள்ளை போகத்தான் செய்யும். ஓட்டுவதற்கு வேறு இடம் இருந்தால்தானே ரோட்டை விடும்?

கிரிக்கட், கரப்பந்துக்குத் தோட்டத்தில் எப்படியோ ஓர் இடம் பிடித்துவிடுகிறோம். சைக்கிளுக்கும் இடம் தேடலாம். பெரிய மைதானம் வேண்டாம், பெரிய காசும் வேண்டாம். ஆனால் சில விஷயங்களை ஒழுங்காகச் செய்ய வேண்டும். அதை விளக்கவே இந்தக் கட்டுரை.

'ட்ரயல்ஸ்' என்றால் என்ன?

சைக்கிள் என்றதும் ரேஸ் என்று நினைக்காதீர்கள். ட்ரயல்ஸ் என்பது வேகத்துக்கு நேர் எதிரான விளையாட்டு. மரக்கட்டை, பாறை, டயர், குறுகிய பலகை ஆகியவற்றின் மேல், காலைக் கீழே ஊன்றாமல் மெதுவாகச் சைக்கிளை ஏற்றி இறக்க வேண்டும். கால் தரையில் பட்டால் புள்ளி போய்விடும். யார் முதலில் வந்தார் என்பது கணக்கில்லை. யார் விழாமல், கால் ஊன்றாமல் வந்தார் என்பதே கணக்கு.

இந்த விளையாட்டு மோட்டார் சைக்கிளிலிருந்து வந்தது. ஸ்பெயினில் மொண்டேசா மோட்டார் சைக்கிள் கம்பெனியில் இருந்த பெரே பி என்பவர், 1970களில் தன் மகன் ஓட் பிக்கு இந்த வித்தையைப் பழக்கச் சிறிய சைக்கிளைப் பயன்படுத்தினார். அதுவே தனி விளையாட்டாக வளர்ந்தது. மகன் பின்னாளில் உலகச் சம்பியன் ஆனார். ஸ்கொட்லாந்தின் ஸ்கை தீவில் பிறந்த டேனி மெக்காஸ்கில், எடின்பரோ நகரில் சைக்கிள் கடையில் வேலை பார்த்துக்கொண்டே தெருவோரச் சுவரிலும் வேலியிலும் பழகியவர். 2009 ஏப்ரலில் வெளியான அவருடைய வீடியோவை உலகமே பார்த்தது. நம் பிள்ளைகளில் பலரும் கையடக்கத் தொலைபேசியில் இப்படிப்பட்ட வித்தைகளைப் பார்த்துவிட்டுத்தான் லயத்துப் படிக்கட்டில் செய்து பார்க்கிறார்கள்.

நாம் பேசுவது மிதிக்கும் சைக்கிளுக்கான களம் பற்றி மட்டுமே. மோட்டார் சைக்கிளுக்கு அங்கே இடமில்லை. இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஒரு கிராமம் செய்து காட்டியது

"அண்ணே, இதெல்லாம் பட்டணத்துக்காரருக்கு. நமக்கு ஆகிற காரியமா?" என்று கேட்பீர்கள். இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்றொரு சின்னக் கிராமம். ஆதிவாசிகளும் யாதவர்களும் தனித்தனிப் பக்கமாக வாழும் ஏழை ஊர். ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிக்கே ரைன்ஹார்ட் என்ற பெண்மணி 2015இல் வெளிநாட்டுத் தொண்டர்களின் துணையோடு அங்கே சில்லுப் பலகை விளையாட்டுக்கு, அதாவது ஸ்கேட்போர்டுக்கு, ஒரு சீமெந்துக் களம் அமைத்தார்.

விளையாட்டு வேறு. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது அவர்கள் வைத்த இரண்டு சட்டங்களை. ஒன்று: பள்ளிக்கூடம் போகாதவருக்குப் பலகை இல்லை. இரண்டு: பெண் பிள்ளைகளுக்கே முதலிடம். பெண் பிள்ளை வந்து கேட்டால் பையன் பலகையைக் கொடுத்துவிட வேண்டும். பிரிந்திருந்த இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே களத்தில் விளையாடத் தொடங்கினார்கள். அந்த ஊர்ப் பெண் ஆஷா கோண்ட் 2018இல் சீனாவின் நான்ஜிங் நகரில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவுக்காகக் கலந்துகொண்டார்.

அங்கே சீமெந்து போட்டவர்கள் வேலை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். களத்தைப் பிள்ளைகளுக்குரியதாக வைத்திருந்தவை அந்த இரண்டு சட்டங்கள். நம் இடத்துக்கும் இது பொருந்தும். சிரமதானம் செய்து ஒரு நாளில் கட்டையும் டயரும் போட்டுவிடலாம். அடுத்த மழைக்கும் அடுத்த துரைக்கும் பிறகு அது இருக்குமா என்பதே கேள்வி.

முதலில் கடிதம், பிறகு மண்வெட்டி

தோட்டத்து நிலம் நம் பெயரில் இல்லை. 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகள் தோட்டங்களை நிர்வகிக்கின்றன. ஆகவே துரையின் அனுமதி வேண்டும். "துரை சரின்னு சொன்னாரு" என்பது போதாது. அவர் மாற்றலாகிப் போனால் அந்தச் சொல்லும் அவரோடு போய்விடும். புதுத் துரை வந்து, "இங்கே கன்று நடப் போகிறோம்" என்றால் நம்மிடம் காட்ட என்ன இருக்கிறது? எந்த டிவிசன், எந்த இடம், எத்தனை அடி, எத்தனை வருஷம் என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரு பிரதி சங்கத்தில், ஒரு பிரதி தோட்ட ஆபீசில், ஒரு பிரதி நலன்புரி உத்தியோகத்தரிடம் இருக்கட்டும்.

அடுத்தது பிரதேச சபை. முன்பெல்லாம் "தோட்டத்துக்குள் எங்கள் நிதியைச் செலவழிக்கச் சட்டம் இடம் தராது" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவே அதற்குக் காரணம். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டப் பகுதிக்கும் சபை சேவை செய்ய வழி பிறந்தது. 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு சபைகளில் மக்கள் பிரதிநிதிகளும் மீண்டும் இருக்கிறார்கள். உங்கள் வட்டார உறுப்பினரிடம் கேளுங்கள்: ஒரு பெயர்ப்பலகை, இரண்டு டிராக்டர் மண், ஒரு விளக்கு. சிறியதாகக் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

சபையின் கை பட்டால் அது பொதுக் களம். பொது என்றால் பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளும் வரலாம், அடுத்த டிவிசன் பிள்ளைகளும் வரலாம். பெயர்ப்பலகை தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும்.

இடம் பார்க்கும்போது

நமுனுகுல மலை 2,000 மீற்றருக்கு மேல் உயரம். அதன் சரிவில் வாழும் நமக்கு மண்ணைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டிட்வா புயலின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவால் கலங்கியது. ஆகவே விளையாட்டுக் களத்துக்காக மலையை வெட்டாதீர்கள். வெட்டிச் சமன் செய்யாமல், இருக்கிற சமதரையைத் தேடுங்கள். பழைய பெரட்டுக் களம், இடிந்த லயத்தின் அத்திவாரம், பாவிக்காத மடுவத்து முற்றம் போன்றவை நல்லவை. 60 அடி நீளம், 40 அடி அகலம் இருந்தால் தொடங்கப் போதும்.

மேல் சரிவில் வெடிப்போ புதிய ஊற்றோ தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் கிராம உத்தியோகத்தர் மூலம் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பதுளை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். மண்சரிவு அபாயத்தைப் பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை.

களத்தின் மேல் ஓரத்தில் ஒரு கான் வெட்டி, மழைத் தண்ணீரைச் சுற்றி அனுப்ப வேண்டும். அந்தத் தண்ணீர் கீழ் லயத்து வாசலுக்குப் போகாமல், ஏற்கெனவே இருக்கும் பெரிய கானில் சேர வேண்டும். கீழ் ஓரத்தில் வெட்டிவேர் நட்டால் மண் கரையாது. கான் வேலை தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களை முன்னால் நிறுத்துங்கள்.

வேலைக்கு ஏற்ற காலம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. கச்சான் காற்று வீசி மண் காய்ந்திருக்கும். ஒக்டோபர் மழைக்கு முன் மண் இறுகிவிட வேண்டும்.

தடைகள் அமைப்பது

முதல் தடை ஒரு பலகைதான். 6 அங்குல அகலம், 10 அடி நீளம், தரையோடு பதித்தது. சின்னப் பிள்ளைகள் அதன்மேல் நேராக ஓட்டப் பழகட்டும்.

அடுத்தது மரக்கட்டை. இஸ்டோருக்கு விறகாக வரும் யூக்கலிப்டஸ் கட்டைகளில் சிலவற்றை நிர்வாகத்திடம் கேட்கலாம். பட்டையை உரித்துவிடுங்கள், மழையில் பட்டை வழுக்கும். மூன்றில் ஒரு பங்கை மண்ணில் புதைத்து, இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி அறைந்தால் உருளாது. மேலே கோழிக்கூட்டு வலையை இழுத்து ஆணி அடித்தால் டயர் பிடிக்கும். ஆணித் தலையும் கம்பி முனையும் வெளியே நிற்கக் கூடாது. முதல் வரிசை 3 அங்குலம், அடுத்தது 6 அங்குலம், அதன் பிறகு 1 அடி. முதல் வருஷம் அதற்கு மேல் வேண்டாம்.

மூன்றாவது டயர். பழைய டிராக்டர் டயரைப் பாதி புதைத்து, உள்ளே மண்ணை நிரப்பி இடித்துவிடுங்கள். வெறுமனே விட்டால் தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். சிறுவர் விளையாடும் இடத்திலேயே நோயை வளர்க்கலாமா?

நான்காவது பாறை. அங்கேயே கிடக்கும் பாறையைப் பாவியுங்கள். தாங்கு சுவரிலிருந்தோ கானிலிருந்தோ கல்லைப் பிடுங்க வேண்டாம். ஒவ்வொரு தடைக்கும் சுற்றிலும் 6 அடி வெறும் தரை இருக்கட்டும். விழுந்தால் மண்ணில் விழ வேண்டும், அடுத்த கட்டையில் அல்ல.

சைக்கிள், தலைக்கவசம், பார்வையாளர்

போட்டிக்குரிய ட்ரயல்ஸ் சைக்கிளில் உட்கார ஆசனமே இருக்காது. நின்றபடியேதான் ஓட்டுவார்கள். அதை வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. ஆசனத்தைத் தாழ்த்திய சாதாரணச் சைக்கிள் போதும். ஆனால் இரண்டு பிரேக்கும் பிடிக்க வேண்டும். பிரேக் இல்லாத சைக்கிள் களத்துக்குள் வரக் கூடாது. தலைக்கவசம் இல்லாத பிள்ளையும் ஏறக் கூடாது. சங்கத்துக்கென்று இரண்டு பழைய சைக்கிளும் நான்கு தலைக்கவசமும் இருந்தால், வாங்க முடியாத வீட்டுப் பிள்ளையும் முறை வைத்து ஓட்டலாம்.

பார்ப்பவர்களையும் மறக்காதீர்கள். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் ஓட்டப் போட்டியில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். அது மோட்டார் பந்தயம். நம்முடையது மெதுவான விளையாட்டு. ஆனாலும் பாடம் ஒன்றுதான்: பார்ப்பவர் நிற்கும் இடம் வேறாக இருக்க வேண்டும். மேட்டுப் பக்கத்தில் கயிறு கட்டி, அதற்கு வெளியே நிற்கச் சொல்லுங்கள். தோட்ட டிஸ்பென்சரிக்கு விளையாட்டு நேரத்தை அறிவித்துவிடுங்கள். இலவச அம்புலன்ஸ் இலக்கமான 1990ஐப் பலகையில் பெரிதாக எழுதுங்கள்.

யார் காப்பது?

இனிக் கணக்குக்கு வருவோம். 30 பேர் நான்கு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தால், செக்ரோல் கணக்கில் 120 பேர். களம் எழும்பிவிடும். அதன் பிறகு மாதம் ஒரு தடவை நான்கு பேர் அரைப் பேர் வேலை செய்ய வேண்டும். கான் துப்புரவு, கட்டை ஆடுகிறதா என்று பார்ப்பது, ஆணி, வலை, புல். வருஷத்துக்கு 24 பேர். ஐந்து வருஷத்தில் 120. கட்டுவதற்குக் கொடுத்த உழைப்பு முழுவதையும் ஐந்து வருஷத்துக்குள் இன்னொரு தடவை கொடுக்க வேண்டும்! திறப்பு விழாவுக்கு மாலையோடு வருகிறவர்களில் இதற்கு யார் வருவார்கள் என்று முதல் கூட்டத்திலேயே பெயர் எழுதிக்கொள்ளுங்கள். லயத்துக்கு ஒரு மாதம் என்று முறை வைத்தால் யாருக்கும் பாரமில்லை.

ஏழு பேர் கொண்ட ஒரு குழு போதும். அதில் மாதர் சங்கத்திலிருந்து இருவர், இளைஞர் இருவர், தலைவர்மாரில் ஒருவர், பாடசாலை ஆசிரியர் ஒருவர், பக்கத்துக் கிராமத்தவர் ஒருவர் இருக்கட்டும். எந்தத் தொழிற்சங்கம் என்ற கேள்வி இங்கே வேண்டாம். வரும் பணம் தனியாள் கையில் இல்லாமல், தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் போன்ற பதிவு பெற்ற அமைப்பின் கணக்கில் இருக்கட்டும். வரவு செலவை மாதாமாதம் பிள்ளை மடுவத்துச் சுவரில் ஒட்டுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை எல்லோரும் பார்க்கட்டும். அப்போது வீண் பேச்சு வராது.

பெரிய பையன்கள் களத்தைப் பிடித்துக்கொண்டு சின்னவர்களை விரட்டுவது எங்கும் நடக்கிற காரியம். ஆகவே வாரத்தில் இரண்டு நாள் பெண் பிள்ளைகளுக்கும் பத்து வயதுக்குக் கீழானவர்களுக்கும் என்று ஒதுக்குங்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வரும் ஓர் அக்காவோ வேலை ஓய்ந்த ஒரு மாமாவோ அங்கே உட்கார்ந்திருந்தாலே பாதிச் சண்டை இல்லை. குடித்துவிட்டு வருகிறவருக்கு அனுமதி இல்லை என்பதையும் பலகையில் எழுதுங்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு ஒரு கூட்டம் போடுங்கள். பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். எந்த இடம் என்று அவர்களே காட்டட்டும். தோட்டத்தின் மூலை முடுக்கெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பெரியவர்கள் அந்த இடத்தின் மேல் சரிவையும் கானையும் பார்த்துவிட்டு வரட்டும். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட இடத்துக்குத் துரையிடம் கடிதம் கொடுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமானால் உங்கள் நலன்புரி உத்தியோகத்தரைக் கேளுங்கள். பதில் கையில் கிடைத்த பிறகு மண்வெட்டியை எடுக்கலாம்.