ஃபோர்க் சீல் ஒழுகுதா? பிவிசி பைப் போதும்... ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை!

மைசூரு யாதவகிரியில் இருந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961இல் ஜாவா பைக் தயாரிக்கத் தொடங்கியது. பிறகு யெஸ்டியும் அங்கிருந்தே வந்தது. 1996இல் ஆலை மூடப்பட்டது. வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. கம்பெனியே இல்லாதபோது கம்பெனி டூலுக்கு எங்கே போவது? கையில் கிடைத்ததை வைத்துத்தான் வேலை பார்க்க வேண்டும். முன் ஃபோர்க் ஆயில் சீல் மாற்ற, உங்கள் புது பைக்குக்கும் அந்த வழி உதவும்.

சீல் போனால் என்ன?

ஃபோர்க் பைப் மேலும் கீழும் போகும்போது உள்ளே இருக்கும் ஆயிலை வெளியே விடாமல் தடுப்பது இந்த ரப்பர் வளையம்தான். அது தேய்ந்தால் ஆயில் குறையும், பள்ளத்தில் வண்டி குதிக்கும். அதைவிட ஆபத்து, ஒழுகும் ஆயில் முன் பிரேக்கில் படுவது. பட்டுவிட்டால் பிரேக் பிடிக்காது. பேடை மாற்றி, டிஸ்கை பிரேக் கிளீனரால் துடைத்த பிறகே வண்டியை எடுங்கள்.

உண்மையிலேயே சீல்தான் காரணமா?

சில நேரம் சீலுக்கடியில் சிக்கிய மண்ணே காரணம். டஸ்ட் சீலை மேலே தள்ளி, மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை விட்டுச் சுற்றினால் மண் வெளியே வந்துவிடும். செலவே இல்லை.

அடுத்து, பைப்பை நகத்தால் தடவுங்கள். துருப்புள்ளியோ கீறலோ நகத்தில் தட்டினால், புது சீலையும் அது கிழித்துவிடும். முதலில் பைப்பைச் சரிசெய்ய வேண்டும்.

எதற்குப் பதில் எது?

- சீல் டிரைவருக்குப் பதில்: சரியான அகலமுள்ள பிவிசி பைப். புது சீலின் மேல் பழைய சீலை வைத்து, லாக் கிளிப்பின் பள்ளம் முழுதாகத் தெரியும்வரை நேராகத் தட்டுங்கள்.
- சீல் பாதுகாப்புக்கு: பைப் நுனியில் ஆயில் தடவிய பிளாஸ்டிக் கவர். சீலின் உதடு கிழியாது.
- சீல் புல்லருக்குப் பதில்: பெரிய ஸ்க்ரூடிரைவர், விளிம்பில் மடித்த துணி.
- அடி போல்ட் சேர்ந்தே சுற்றுதா? ஸ்பிரிங் உள்ளே இருக்கும்போதே ஒருவர் ஃபோர்க்கை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கழற்றலாம்.

எதில் ஒப்பேற்றக் கூடாது?

மூன்று விஷயங்களில். ஒன்று, ஸ்டாண்ட்: முன்சக்கரம் இல்லாமல் வண்டி ஆடாமல் நிற்க வேண்டும். இரண்டு, மேல் மூடி: உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது, முகத்தை விலக்கி, மூடியை அழுத்திப் பிடித்தபடியே கழற்றுங்கள். மூன்று, ஆயில்: சர்வீஸ் மேனுவல் சொல்லும் கிரேடு, அளவு. இரண்டு பக்கமும் ஒரே அளவுதான். கண்ணால் பார்த்து ஊற்றாதீர்கள், அளவு போட்ட சிரிஞ்ச் வாங்குங்கள்.

போல்ட்டுகளை மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்குங்கள். வண்டியை எடுக்கும் முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கைப் பத்து முறை அழுத்திப் பாருங்கள். பைப்பில் ஆயில் வளையம் தெரிந்தால் அன்று ரோட்டுக்குப் போகாதீர்கள்.