"அந்த மாத்திரை இருக்கிறதா, தம்பி?"

தியாகராய நகர், பனகல் பார்க் பக்கம். இரவு 9 மணி. மருந்துக் கடையில் கூட்டம் கலையும் வரை ஒருவர் ஓரமாக நிற்கிறார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கடைசி ஆள் போனதும் மெல்லிய குரலில் கேட்கிறார்: "அந்த மாத்திரை இருக்கிறதா, தம்பி?"

"டாக்டர் சீட்டு இருக்கிறதா, சார்?"

பதில் இல்லை. போய்விட்டார்!

பையன் செய்தது சரிதான். ஆண்மைக் குறைவு மாத்திரைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அதற்குக் காரணம் இருக்கிறது.

இரண்டு மாத்திரைகள்

சில்டெனாபில், டடாலாபில் என்ற இரண்டும்தான் அதிகம் பேசப்படுபவை. மூத்தது சில்டெனாபில். நெஞ்சுவலிக்கு மருந்து தேடியபோது கிடைத்தது. நெஞ்சுவலிக்கு அவ்வளவாக உதவவில்லை. வேறு இடத்தில் வேலை செய்தது! 1998-ம் ஆண்டு அமெரிக்காவில் 'வயாகரா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. டடாலாபில் 2003-ல் அங்கு அனுமதி பெற்றது.

இரண்டும் உறுப்புக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் கூட்டும். ஆசையை உண்டாக்காது. வித்தியாசம் நேரத்தில்தான். சில்டெனாபிலை ஒரு மணி நேரம் முன்பு சாப்பிட வேண்டும். பலன் நாலைந்து மணி நேரம். கல்யாண விருந்து போல நெய்யும் எண்ணெயுமாகச் சாப்பிட்டிருந்தால் தாமதமாகும். டடாலாபிலுக்குச் சாப்பாட்டுக் கணக்கு இல்லை. பலன் 36 மணி நேரம் வரை இருக்கும். தலைவலி இரண்டிலும் வரலாம்.

மறைத்தால் ஆபத்து

நெஞ்சுவலிக்காரர்கள் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை இருக்கிறதே, அது 'நைட்ரேட்' வகை. அதுவும் இதுவும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கிவிடும். உயிரே போகலாம்!

இதைச் சாப்பிட்டவருக்கு நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரியில் உடனே சொல்லிவிட வேண்டும். சில்டெனாபில் என்றால் 24 மணி நேரம், டடாலாபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரேட் கொடுக்கக் கூடாது. அவரால் பேச முடியாமல் போகலாம். ஆகவே மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும். கூச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்!

சுவரொட்டி வைத்தியம்

'நரம்புத் தளர்ச்சியா? லாட்ஜுக்கு வாருங்கள்' என்று அழைக்கும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆண்மைக் குறைவைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சுவர்களுக்கு அது தெரியவில்லை போலும்!

நடுத்தர வயதுக்கு மேல் இந்தக் குறைக்குப் பல நேரம் காரணம் சர்க்கரை நோய் அல்லது ரத்தக் குழாய் அடைப்பு. இந்தக் குழாய் இதயக் குழாயைவிடச் சிறியது. அதனால் அடைப்பின் அறிகுறி முதலில் இங்கே தெரியலாம். சில ஆண்டுகள் கழித்து நெஞ்சில் தெரியும். டாக்டரிடம் போனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் சீட்டு எழுதுவார்.