இறால் தொட்டியிற் பாசி

நன்னீர் இறால்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போர் முதலில் முறையிடுவது பெரும்பாலும் பாசியைக் குறித்தே. தொட்டியமைத்துச் சில வாரங்கள் கழியுமுன் கண்ணாடியிற் பசும்புள்ளிகள் தோன்றும். இலைகளின் விளிம்பிலே கருமயிர் போன்றதொன்று முளைக்கும். உடனே பாசிக்கொல்லி மருந்தொன்றை வாங்கி ஊற்றுவாருளர். பாசி மாயுமுன் இறால்கள் மாண்டு கிடக்கக் காண்பர்.

அத்தகைய மருந்துகள் பலவற்றில் அடங்கியிருப்பது செப்புச் சல்பேற்று. நமது குருதியில் ஒட்சிசனைச் சுமப்பது இரும்புகொண்ட ஈமோகுளோபின். இறாலின் குருதியில் அத்தொழிலைச் செய்வது செப்புக்கொண்ட ஈமோசயனின். ஆயினும், உணவின்வழிச் சிறிதளவாய்ச் சேருஞ் செப்பு வேறு. நீரிற் கரைந்து செவுள்களைத் தாக்குஞ் செப்பு வேறு. மீன் தாங்கிக்கொள்ளும் அளவே இறாலைக் கொல்லப் போதும். மீன்களின் நோய்க்குரிய மருந்துகள் சிலவற்றிலும் செப்பு உண்டாதலின், போத்தலில் ஒட்டிய சீட்டைப் படியாது எதனையும் இறால் தொட்டியில் இடலாகாது.

அன்றியும், பாசி முழுவதும் ஒருங்கே மடியுமாயின் அது நீருள் அழுகும். அழுகுதல் ஒட்சிசனைக் குடிக்கும், அமோனியாவை வெளிவிடும். ஆதலால் பாசியைக் கொல்ல முயல்வதினும், அது தழைத்தற்கு ஏதுவானவற்றைக் குறைத்தலே தக்கது. ஏதுக்கள் இரண்டு: மிகையான ஒளி, மிகையான உரம்.

சன்னலோரத்து வெயில் படும் இடத்திலே தொட்டியை வைத்தல் கூடாது. விளக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணித்தியாலம் எரிந்தாற் போதும். உரமென்றது நைத்திரேற்றையும் பொசுபேற்றையுமே. இவை பெரும்பாலும் நாம் இடும் உணவிலிருந்து வருவன. வளர்ந்த செரி இறால் ஏறக்குறைய 2½ சதமமீற்றர் நீளமே கொண்டது. அதன் வயிற்றை நமது வயிற்றால் அளந்து உணவிடுவோரே பலர்! இரண்டு மணித்தியாலத்துள் உண்டு தீராததை எடுத்துவிடுக.

யாழ்ப்பாணத்தார் கவனிக்க வேண்டியது இன்னுமொன்று. நமது சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீரின் வன்மை செரி இறாலுக்கு ஏற்றதே. ஓடு அமைத்தற்கு வேண்டிய கல்சியம் அதில் உண்டு. ஆனால் வலிகாமத்துத் தோட்டங்களை அடுத்த கிணறுகள் பலவற்றில், குடிநீருக்கென உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையையும் நைத்திரேற்றுக் கடந்திருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரை மாற்றி மாற்றி ஊற்றுவோன் பாசிக்கு உரமிடுகின்றான். தொட்டியிலிருந்து ஆவியாய்ப் போவது நீர் மட்டுமே, உப்புக்கள் தங்கிவிடும். ஆகவே ஆவியாகிக் குறைந்த அளவைத் துப்புரவாகப் பிடித்த மழைநீரால் நிரப்புதல் நன்று. வாரந்தோறும் நீரிற் பத்தில் ஒரு பங்கை மாற்றலாம். ஆயின் புதுநீரை மெல்ல மெல்லச் சேர்க்க வேண்டும். பாதித் தொட்டியை ஒரேயடியாக மாற்றினால், இறால் காலமல்லாக் காலத்திலே ஓடு கழற்றி இறத்தலுங் கூடும்.

எஞ்சிய உரத்தை விரைந்து வளரும் நீர்ச்செடிகள் உறிஞ்சிக்கொள்ளும். ஒளித்தொகுப்புப் பரிசோதனையில் மாணவர் குமிழி எண்ணும் ஐதரில்லாவே இதற்குப் போதும். கழித்த செடிகளைக் குளத்தில் எறிதல் ஆகாது. 1939 இல் ஆய்வுக்கெனக் கொழும்புக்கு வந்த சல்வீனியா, பின்னர் இலங்கையின் நீர்நிலைகளையும் வயல்களையும் மூடியதை மறத்தற்கில்லை.

பாசியின் வகையறிதலும் வேண்டும். புதுத்தொட்டியிற் கபிலநிறமாய்ப் படிவது தயற்றம். அது பெரும்பாலும் தானே நீங்கும். நீலப்பச்சைப் பாசியோ உண்மையிற் பாசியன்று, பற்றீரியாக் குலத்தது. வழுவழுப்பான அப்படலத்தைக் குழாயால் உறிஞ்சியெடுத்தபின், காற்றூட்டலை நிறுத்தாது தொட்டியை மூன்று நாள் இருளில் வைத்தால் ஒடுங்கும். இருளால் இறாலுக்குக் கேடில்லை. கருமயிர்ப் பாசி உண்மையிற் செம்பாசி வகுப்பினது. சிறு துணுக்கை அற்ககோலில் இட்டால் அதன் செந்நிறம் வெளிப்படும். அது பற்றிய இலையைக் கொய்தெறிதலே எளிய வழி.

இறாலே பாசியைத் தின்னாதோ எனலாம். தின்னும், ஆனால் எல்லாவற்றையும் அன்று. 1980 களில் ஜப்பானியரான தக்காசி அமானோ என்பார் செடித்தொட்டிகளிற் புகுத்திய இறாலினம் இழைப்பாசியை மேய்வதிற் பெயர்பெற்றது. அதன் குடம்பிகள் உவர்நீரிலன்றி வளரா. எனவே நம் தொட்டியில் அது பெருகாது. செரி இறாலோ நன்னீரிலேயே பெருகும். எனினும் மென்பாசியையும் நுண்ணுயிர்ப் படலத்தையுமே விரும்பி உண்ணும். கண்ணாடியில் இறுகிய பசும்புள்ளியையும் கருமயிர்ப் பாசியையும் அது பெரும்பாலும் தீண்டாது. அதனாலே, முன்பக்கக் கண்ணாடியை மட்டுஞ் சுரண்டித் துடைத்துப் பின்பக்கத்தை அப்படியே விடுவது வழக்கம். முட்டையினின்றும் வெளிவருங்கால் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் அளவினதான குஞ்சிறால், தன் முதல் இரையை அங்கேதான் மேய்ந்து பெறும்.